ஜாக்கெட் அளவுச் சீட்டின் பின்பக்கம்: 14416 பற்றி என் அனுபவம்

கோத்தகிரி டானிங்டன் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது. இதுவரை நான் எழுதிய விமர்சனம் இரண்டுதான். ஒன்று மிஷின் மோட்டாருக்கு, இன்னொன்று மேட்டுப்பாளையத்தில் லைனிங் துணி எடுக்கும் கடைக்கு. மூன்றாவதாக ஒரு போன் நம்பருக்கு எழுத வந்திருக்கிறேன். 14416. அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண். போன நவம்பரில் என் தம்பிக்காக அதைக் கூப்பிட்டேன். தம்பி நன்றாக இருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் அந்த நம்பரை அடியுங்கள். காசு கிடையாது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்கிற நிலை ஏற்கெனவே வந்துவிட்டால் 108.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. தோட்டம் தோட்டமாகப் போய் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரியில் இறக்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். வண்டி சொந்தம், ஆனால் தவணை முடியவில்லை. இலை விலை இறங்கினால் விவசாயி வாடகையை இழுப்பார், வாடகை இழுத்தால் தவணை நிற்கும், தவணை நின்றால் வட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவான். இந்த மலையில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு என்பதால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மழை. நாலு மணிக்கே கடையில் லைட் போட்டிருந்தேன். தம்பி வந்தான். வண்டியின் ஆர்சி புக்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, "இது உங்கிட்ட இருக்கட்டும்க்கா" என்றான். கையிலிருந்த வாட்சைக் கழற்றி, "இது மருமகனுக்கு" என்று மிஷின் மேசைமேல் வைத்தான். எதிரே டீக்கடையில் பாக்கி நூற்றுச்சொச்சத்தையும் கொடுத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ராத்திரி கரண்ட் போய்விட்டது. நாளைக்குக் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய சேலை ஒன்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையாலேயே ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டது. வீடு அமைதியானதும் தம்பியின் வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்டது. டிக், டிக் என்று. பதினொரு வருஷமாக அவன் கழற்றாத வாட்ச். அப்பா செத்ததற்கு முந்தின வருஷம் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

நம்பர் எனக்குத் தெரிந்திருந்தது மகள் பள்ளிக்கூடத்துச் சுவரால். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வராந்தாவில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். ஐந்தே இலக்கம், அதில் 144 என்ற தொடக்கம் மனதில் தங்கிவிட்டது. அதனால் சொல்கிறேன், சுவரில் ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டே இருங்கள். ஒட்டின அன்றைக்கு யாரும் படிப்பதில்லை.

எங்கள் வீடு பள்ளத்தில். சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் டவர் கிடைக்கும். அங்கே நின்று பன்னிரண்டே முக்காலுக்கு அடித்தேன். எந்த மொழி என்று கேட்டது, தமிழுக்கு அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். குரலில் தூக்கக் கலக்கம் இல்லை, அவசரமும் இல்லை. நான் முதலில் சொன்னதே, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, என் தம்பிக்காகப் பேசறேன், பேசலாங்களா?" என்பதுதான். "தாராளமா பேசலாம்மா. நீங்க கூப்பிட்டது நல்லது" என்றார். மற்றவருக்காகவும் கூப்பிடலாம் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. உங்களில் பல பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இப்போது எங்கே இருக்கிறான், கூட யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். சம்சாரமும் குழந்தையும் காரமடைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், தனியாக இருக்கிறான் என்றேன். வாட்ச், ஆர்சி புக், டீக்கடைப் பாக்கி எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்.

"நீங்க அவர்கிட்ட நேரா கேட்டீங்களாம்மா?"

"எதைங்க?"

"தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களான்னு."

எனக்குக் கை நடுங்கியது. அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்றேன். ஆகாது என்றார். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே வந்திருந்தால், ஒருத்தரிடமாவது வாய்விட்டுச் சொல்லலாம் என்ற தெம்பு வரும். பிறகு அவர் சொன்னதுதான், இந்த நம்பருக்கு நான் விமர்சனம் எழுதுவதற்கே காரணம்.

நம் வீடுகளில் நாம் எப்படிக் கேட்போம்? "தப்பா ஏதும் யோசிக்கலையே?" "ஏடாகூடமா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" இதைக் கேள்வி என்று நாம் நினைக்கிறோம். "இல்லை" என்ற பதிலைக் கையில் திணித்துவிட்டுக் கேட்கிறோம். கேட்கப்படுகிறவனுக்கு அது புரியும். அக்கா பயப்படுகிறாள், அவளுக்கு "இல்லை" வேண்டும் என்று தெரிந்து அதையே கொடுத்துவிட்டுப் போவான். "அப்படிக் கேக்காதீங்கம்மா. நேரா கேளுங்க. இப்ப எங்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க" என்றார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "தம்பி, நீ..." அதற்கு மேல் வரவில்லை. இரண்டாவது தடவை அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார். "பரவால்ல, இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது தடவை முழுசாக வந்தது. "தம்பி, நீ தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா?" என் சமையலறையில் என் வாயால் அந்த வார்த்தையைச் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

அவன் ஆமாம் என்றால் என்ன சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். உனக்கென்ன குறை என்று கேட்கக் கூடாது. பிள்ளையை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கக் கூடாது, அவன் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். கோழை என்று சொல்லவே கூடாது. சத்தியம் வாங்க வேண்டாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், காலை வரை தனியே விட வேண்டாம். வீட்டில் ஆபத்தானது எது இருந்தாலும் அவன் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். தம்பி வீட்டுக்குப் பின்னால் தோட்டச் சாமான் வைக்கும் அறை ஒன்று உண்டு. அன்று ராத்திரியே அதைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்தார் என் வீட்டுக்காரர். மாமி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு பூட்டு என்ன செய்துவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பின்னாளில் தெரிந்துகொண்டேன், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் இதையே ஊர் அளவில் செய்து பார்த்திருக்கிறது. பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு சாவி என்று பூட்டி வைத்தார்கள். அந்த ஊர்களில் சாவு குறைந்தது. செத்துவிட வேண்டும் என்ற வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்துக்குத்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்ட வைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வான். மாமியின் சுருக்குப்பை அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் வாங்கிக் கொடுத்தது.

தம்பி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவன் "என்னக்கா இந்நேரத்துல" என்றான். உட்கார்ந்தேன். பழகி வந்த கேள்வியைக் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாக்கா" என்றான். அதற்கப்புறம் விடியும் வரை பேசினான். நான் பால் இல்லாத டீயை மூன்று தடவை போட்டேன், மூன்றும் ஆறிப்போயின. நடுவில் போனைக் கொடுத்து, பேசுகிறாயா என்று கேட்டேன். திரும்ப 14416 அடித்து, போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முக்கால் மணி நேரம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அது அவனுடையது.

வெளியே வந்து, "எழுதறதுக்கு ஏதாவது இருக்காக்கா?" என்றான். என் பையில் ஜாக்கெட் அளவுச் சீட்டுப் புத்தகம்தான் இருந்தது. முன்பக்கம் உயரம், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று கோடு போட்டிருக்கும். ஒரு சீட்டைக் கிழித்து வெறும் பக்கத்தில் எழுதினான். போனில் பேசியவர் எழுதச் சொன்னாராம். அந்த எண்ணம் வருவதற்கு முன்னால் தனக்கு என்ன ஆகிறது: பிடரி சூடாகும், போனை எடுக்க மாட்டேன், சோறு இறங்காது. அப்போது தானாகச் செய்யக்கூடியது: வண்டியைக் கழுவுவது, நேரு பூங்கா வரை நடப்பது, பாப்பாவோடு வீடியோவில் பேசுவது. அதிலும் அடங்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது: முதலில் அக்கா, அடுத்து மச்சான், மூன்றாவது என்று எழுதி எதிரே காலியாக விட்டிருந்தான். கடைசி வரி 14416. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்தச் சீட்டு இப்போதும் வண்டியில், டிரைவர் தலைக்கு மேலே வெயில் மறைக்கும் அட்டையில் செருகியிருக்கிறது. மழைத்தண்ணீர் பட்டு ஒரு மூலை மங்கியதால் மேலே செல்லோ டேப் ஒட்டியிருக்கிறான்.

இந்தச் சேவையைப் பற்றிச் சில விவரம். டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் இதற்குத் தலைமை. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்று நீளமாகவும் அடிக்கலாம். முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், நேரில் எங்கே போக வேண்டும் என்றும் சொல்வார். எங்களை ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். சில நாள் கழித்து, தம்பி எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக் கூப்பிட்டார்கள். அந்த போன் வந்தபோது நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். யாரென்றே தெரியாதவர்கள் நம் வீட்டுப் பிள்ளையை ஞாபகம் வைத்துக் கேட்பது என்ன ஓர் ஆறுதல் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஊட்டிக்குப் போகும் வழியெல்லாம் தம்பிக்கு ஒரே பயம். "போலீஸ் கேஸ் ஆயிடுமாக்கா? வண்டி லைசென்ஸ் போயிடுமா?" டாக்டரிடமே கேட்டுவிட்டான். அவர் பொறுமையாகச் சொன்னார். எண்ணம் வந்ததற்காக யாரும் யார் மேலும் கேஸ் போட முடியாது. முயற்சி செய்துவிட்டவரைக்கூட, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே சட்டம் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு சிகிச்சை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-வது பிரிவு, 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் பொதுவான குற்றமாக இல்லவே இல்லை. இதை ஊருக்கு ஊர் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். போலீஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியில் வாங்க வேண்டியிருக்கவில்லை, அங்கேயே கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பலன் தெரியாது, மூன்று நாலு வாரம் ஆகும், நடுவில் நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மாத்திரையை வீட்டில் வேறொருவர் வைத்திருக்கச் சொன்னார். என் பட்டன் டப்பாவில் வைத்தேன். தினமும் ராத்திரி எட்டரைக்குத் தம்பி கடைக்கு வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போவான். மாத்திரை பாதி வேலை, அந்த ஐந்து நிமிஷம் பாதி வேலை. அம்மா மந்திரித்த கயிறு ஒன்று கட்டிவிட்டாள். அதையும் டாக்டரிடம் சொன்னோம். "கட்டிக்கட்டும், மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அந்த மனுஷரை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் ஊட்டிக்கே போக முடியாது. போக வர அறுபது கிலோமீட்டர், ஒரு நாள் வாடகை போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

நடுவில் ஒரு தப்பும் செய்தோம். காசு கொடுத்தால் இன்னும் நன்றாகப் பார்ப்பார்கள் என்று நினைத்து ஒரு தனியார் ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப்போனோம். பெயர் எழுதப்போவதில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். உள்ளே போனதும் நாலு பக்கம் இங்கிலீஷில் ஒரு ஃபாரம். தம்பி பத்தாவது வரை தமிழில் படித்தவன். அதை நான் படித்து அவனிடம் கேட்டு எழுத, வரவேற்பறையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் "பாசிட்டிவா இருங்க, யோகா பண்ணுங்க, கடனைப் பட்ஜெட் போட்டுக் கட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. தனியாரில் நல்லவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் போவதற்கு முன் போன் செய்து, தமிழில் பேசுவார்களா, ஃபாரத்தைத் தனியறையில் நிரப்பலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

வேறு எண்களையும் சொல்லிவிடுகிறேன். 104 நம் மாநிலத்து மருத்துவ ஆலோசனை எண், மனக் கஷ்டத்துக்கும் பேசலாம், பரீட்சை ரிசல்ட் சமயத்தில் பிள்ளைகள் கூப்பிடுவது அதைத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. மேலே சொன்ன சிநேகாவின் எண் 044-24640050. 1986-லிருந்து நடக்கிறது. பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். அரசாங்க நம்பர் என்றாலே தயங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். கடன்காரர் வீட்டு வாசலில் வந்து கத்துகிறார், என்ன செய்வது என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

14416 என்ன செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். தவணை கட்டாது. இலை விலையை ஏற்றாது. மறுநாள் காலையில் தம்பி வீட்டுக் கதவைத் தட்டாது. அதையெல்லாம் ஊர்தான் செய்ய வேண்டும். எங்களுக்கு ஊர் செய்தது. டிரைவர்கள் மூன்று பேர் முறை வைத்து அவன் லோடை எடுத்தார்கள், வாடகைக் காசை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் குழுவில் எனக்கு வர வேண்டிய கடன் முறையை இரண்டு பேர் விட்டுக்கொடுத்து முன்னால் தள்ளினார்கள். மீட்டர் வட்டிக் கடன் முதலில் அடைந்தது. யாரும் அவனைப் பார்த்து "எப்படி இருக்கே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லை, "டேய், நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு" என்றார்கள். அது எவ்வளவு பெரிய மருந்து!

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ம் வருஷத்துக்குக் கொடுத்த கணக்கைப் படித்தேன். நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். நம் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். நாடு முழுக்கப் பார்த்தால் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அதைப் படித்தபோது என் கடைக்கு வருகிறவர்களை நினைத்தேன். பெண்கள் அளவு கொடுக்கும்போது பேசிவிடுவார்கள். டேப்பைத் தோளில் வைத்தால் போதும், பாதிப் பேருக்குக் கண் கலங்கும். ஆண்கள் பேண்ட் கால் மடிக்கக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பார்கள். வீட்டுக்காரரின், தம்பியின், அண்ணனின் பேச்சு எந்தக் கடையிலும் நடப்பதில்லை.

அதனால் ஒன்று செய்தேன். அடுத்த தடவை அளவுச் சீட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தபோது வெறும் பக்கத்தில் அச்சடிக்கச் சொன்னேன். தற்கொலைத் தடுப்பு என்று பெரிய எழுத்தில் போட்டால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார் என்ற கூச்சம். "மனசு தாங்கலையா? வேற யாரையாவது நினைச்சுப் பயமா இருக்கா? 14416. எந்நேரமும். காசு இல்லை. தமிழ்ல பேசலாம்." அவ்வளவுதான். ஜாக்கெட்டை வாங்கிப் போகிறவர்கள் முன்பு சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது என் குப்பைக் கூடையில் சீட்டு குறைவாகத்தான் விழுகிறது. ஹட்டி என்று நாங்கள் சொல்லும் படுகர் ஊர் ஒன்றிலிருந்து வரும் ஒரு அம்மா, இரண்டு சீட்டு சேர்த்துக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை. அவர் படியிறங்கும்போது மட்டும், "நேரா கேக்கணுமுங்க, சுத்தி வளைச்சுக் கேக்காதீங்க" என்றேன். நின்று திரும்பிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

குறையென்று எனக்குப் படுவது எங்கள் மலையின் குறை. டவர் இல்லாத ஹட்டிகளும், எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. மழைக்காலத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும், போனில் சார்ஜும் இருக்காது. அந்த இடங்களில் டவர் எங்கே கிடைக்கும், சார்ஜ் யார் வீட்டில் இருக்கும், ராத்திரியில் யார் கதவைத் தட்டலாம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆஷா அக்கா, அங்கன்வாடி டீச்சர், எஸ்டேட் சூபர்வைசர், கோயில் பூசாரி, சர்ச் ஃபாதர், பள்ளிவாசல் இமாம், யாராக இருந்தாலும் சரி, ஒவ்வொரு லைனுக்கும் ஒருத்தராவது அந்தக் கேள்வியை நேராகக் கேட்கப் பழகியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் போனிலேயே கால்மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். பழகாமல் வராது, மூன்றாவது தடவையில்தான் எனக்கே வந்தது.

இதை எழுதி முடித்து நேற்று ராத்திரி தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். எட்டரை மணி மாத்திரைக்கு வந்திருந்தான். இப்போது அளவைக் குறைத்திருக்கிறார்கள். மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தான். வாட்ச் அவன் கையில் இருந்தது. அதை அந்த வாரமே என் பையன் கொண்டுபோய் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். படித்து முடித்துவிட்டுப் பேனா கேட்டான். திருத்தப்போகிறான் என்று நினைத்தேன். வண்டியிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துவந்து, செல்லோ டேப்புக்கு மேலேயே, மூன்றாவது என்ற இடத்தில், தன் லோடை எடுத்துப் போன டிரைவர் ஒருவரின் பெயரை எழுதினான். அப்புறம் என் காகிதத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னான்.

"கடன்னு மட்டும் எழுதியிருக்கேக்கா. கடன் எல்லாருக்கும் இருக்கு. அஞ்சு வாரமா நான் தூங்கவே இல்ல. ராத்திரி பூரா கூரையப் பாத்துட்டுக் கெடந்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன், கண்ணு.